ஒரு வாய்க்காலைக் கடல் வரை நடந்து பார்ப்பது எப்படி

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. நான் பிறந்த ஊர் அந்தப் பக்கம். வாக்கப்பட்டது அதே கோரையாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், முத்துப்பேட்டைப் பக்கம். என் தம்பி இன்னும் பிறந்த ஊரில்தான் விவசாயம் பார்க்கிறான். ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் இரண்டு வீட்டுக்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகை வந்தால் அவனுக்கு ஒரே புலம்பல்: "தண்ணி பூரா கடலுக்கு வீணாப் போவுது அக்கா." சித்திரை வந்தால் எனக்கு ஒரே புலம்பல்: அடிபம்பில் உப்பு.

இந்த இரண்டு புலம்பலுக்கும் நடுவே ஓடுகிற வாய்க்காலைத்தான் நடந்து பார்க்கச் சொல்கிறேன். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்து வாய்க்கால், குளம், வரப்பு என்று டேப் பிடித்தவள் நான். படித்துத் தெரிந்துகொண்டதைவிட அளந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு ஆசிரியர் போகலாம், மகளிர் குழு போகலாம், ஊர் இளைஞர்கள் நாலு பேர் போகலாம். செலவு பெரிதாக இல்லை.

கிளம்புவதற்கு முன்

ஒரு தடவை நடந்தால் எதுவும் தெரியாது. ஒரே வழியை மூன்று பருவத்தில் நடக்க வேண்டும்: சித்திரை வைகாசியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது, மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்த பிறகு, கார்த்திகையில் பெருமழை விட்ட மறுநாள். முழு ஆற்றையும் நடக்கத் தேவையில்லை. உங்கள் ஊர் வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பு, அது முடியும் கடைசி மடை, வயல் தண்ணீர் வடிந்து விழும் வடிகால், அந்த வடிகால் போய்ச் சேரும் ஆறு அல்லது கடல். இந்த நாலு இடமும் முக்கியம். நடுவில் பஸ் ஏறிக்கொள்ளலாம்.

வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடம் இருக்கும். அதையும் போனில் வரும் செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று நீளமாகப் போகும் கோடு, படத்தில் பாதியில் காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் மனைப்பிரிவோ, தென்னந்தோப்போ, புதுத் தார்ரோடோ இருக்கும். அந்த இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகையில் தேவைப்படும்.

அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, ஆள் உயரக் கம்பு, வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு, காலித் தண்ணீர் பாட்டில்கள், அழியாத மார்க்கர், நோட்டு. இவற்றோடு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வேண்டும். ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருகிறவர் பையில் வைத்திருப்பாரே, பேனா மாதிரி, அதுதான். எல்லாவற்றையும்விட முக்கியம் கூட வரும் ஆள். மதகு திறந்து மூடும் லஸ்கர் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். எந்தச் சட்ரஸ் (மதகின் கதவு) எந்த வருஷம் துருப்பிடித்து நின்றது, எந்த ஊர்க்காரர்கள் ராத்திரியில் வந்து பலகை போடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீர் ஓடும்போது சட்ரஸ் அருகே யாரும் இறங்கக்கூடாது. பிள்ளைகள் கரையோடு நிற்கட்டும். புல் மண்டின கரையில் கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள், விரியன் கிடக்கும்.

காய்ந்த வாய்க்காலில்

முதலில் தலைப்புக்குப் போங்கள். மதகின் அடியில் தளக்கல் இருக்கும். அதன் மேல் கம்பை வைத்து ஆற்றுப் பக்கமாகச் சமமாக நீட்டுங்கள். கம்பின் நுனியிலிருந்து கயிறு விட்டு ஆற்றுத் தரை எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பல இடங்களில் ஆற்றுத் தரை மதகைவிட நன்றாகவே கீழே இறங்கிக் கிடக்கும். ஆறு நிறைந்து ஓடினால் கவலையில்லை. முறை வைத்துக் கொஞ்சமாகத் தண்ணீர் விடும் நாட்களில் அது மதகை எட்டிக்கூடப் பார்க்காமல் கீழேயே போய்விடும்.

ஏன் இறங்கியது? இந்த டெல்டா முழுக்கக் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான். குடகு மலையிலிருந்து கரைந்து வந்த மண்ணும் மணலும் இங்கே படிந்து படிந்து நிலமானது. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. அன்றிலிருந்து மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே கர்நாடகத்து அணைகள் வேறு. வரவு நின்ற கணக்கில் நாம் செலவை நிறுத்தவில்லை. ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளினோம். ஒரு கன மீட்டர் ஆற்று மணல் நனைந்து நின்றால், அதிலிருந்து சுமார் 250 லிட்டர் தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து கிணறுகளுக்குப் போகும். ஒரு லாரி மணல் போகும்போது வீட்டுக்குக் கான்கிரீட் மட்டும் போவதில்லை, கரையோரத்துக் கிணற்றின் கோடைத் தண்ணீரும் சேர்ந்து போகிறது.

இன்னொன்று. வண்டல் தன் பாரத்தில் தானே அமுங்கும். எல்லா டெல்டாவும் இப்படித்தான், புது வண்டல் வந்து சேர்ந்துகொண்டே இருந்தால்தான் மட்டம் நிற்கும். கடலோ ஏறுகிறது. 1901-க்கும் 2018-க்கும் நடுவே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாண் அளவுதானே என்று தலைமடையில் சொல்லலாம். எங்கள் ஊர் வயல் வரப்பே அவ்வளவுதான் உயரம்.

தலைப்பிலிருந்து மடை வரை நடக்கும்போது அடைப்புகளைக் குறியுங்கள். நெய்வேலி காட்டாமணக்கு, வெங்காயத்தாமரை, பிளாஸ்டிக், உடைந்த குழாய், இடிந்த மதகு. ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ, பக்கத்தில் கம்பை நிறுத்தி எடுங்கள், அளவு தெரியும். வழியில் குளம் இருந்தால் ஒரு மண்வெட்டி ஆழம் வெட்டிப் பாருங்கள். மேலே கறுப்புச் சேறு வந்து அழுகின முட்டை நாற்றம் அடித்தால், அந்தச் சேற்றுக்குள் காற்றே போகவில்லை என்று அர்த்தம். சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் விழும் குளங்களில் இது கட்டாயம் இருக்கும்.

தண்ணீர் வந்த பிறகு

மேட்டூரை ஜூன் 12 திறப்பது வழக்கம், அணையில் இருந்தால். மூன்று நாலு நாளில் கல்லணை. அதற்கப்புறம் எங்களைப் போன்ற கடைமடைக்கு வருவது வழியில் எத்தனை வாய்க்கால் குடிக்கிறது, எத்தனை சட்ரஸ் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது.

ஆடியில் உங்கள் வாய்க்காலில் ஓடுவது அரபிக்கடலிலிருந்து எழுந்த மேகம் குடகிலும் வயநாட்டிலும் கொட்டிய தண்ணீர். ஐப்பசியில் உங்கள் வயலில் விழுவது வங்கக்கடல் தண்ணீர். இரண்டு கடலின் கருணையில் ஒரு போகம் விளைகிறது. குடகில் காடு நின்றால் அந்த மழையைப் பிடித்து மெல்ல விடும், காடு போனால் ஒரே வாரத்தில் வெள்ளமாக விட்டுவிட்டுக் கையை விரிக்கும். தண்ணீர்ப் பங்கீடு பற்றி நம்மூர் டீக்கடையில் பேசாத நாள் கிடையாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காடுகளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை.

இனி வாய்க்காலில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கலாம். நேராகப் போகும் ஓர் இடத்தில் கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் கம்பு நடுங்கள். அகலம் அளங்கள். மூன்று இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். மேல் கம்புக்குச் சற்று முன்னால் ஒரு தேங்காய் மட்டைத் துண்டைப் போட்டு, அது கீழ்க் கம்பைத் தாண்ட எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். மூன்று தடவை போட்டுச் சராசரி எடுப்பது நல்லது. அகலம் 2 மீட்டர், ஆழம் அரை மீட்டர், மட்டை 25 விநாடியில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். மேல்தண்ணீர்தான் வேகமாகப் போகும், அடியில் மண் பிடித்து இழுக்கும். அதனால் 0.85-ஆல் பெருக்குங்கள்: 0.34. அதை அகலம், ஆழத்தால் பெருக்கினால் விநாடிக்கு 340 லிட்டர், ஏறத்தாழ 12 கன அடி.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க சுமார் 1,03,000 லிட்டர் வேண்டும். அந்த வாய்க்கால் முழுதும் ஒரே ஏக்கருக்குத் திரும்பினால் ஐந்து நிமிஷம். இதே அளவைத் தலைப்பிலும் கடைசி மடையிலும் ஒரே நாளில் எடுங்கள். வித்தியாசத்தைப் பார்த்ததும் "திருடிட்டானுவ" என்று கிளம்ப வேண்டாம். பாதி வயலுக்குப் போயிருக்கும், கொஞ்சம் ஆவியாகியிருக்கும், மீதி தரைக்குள் இறங்கியிருக்கும். அப்படி இறங்கினது எங்கே போய் என்ன செய்கிறது என்பதுதான் அடுத்தது. இந்தக் குறிப்பில் நான் அதிகம் நேரம் எடுத்துக்கொள்ளப் போவதும் அதற்குத்தான்.

உப்பு

ஒரு கண்ணாடி டம்ளர் எடுங்கள். பாதிக்கு உப்புக் கரைத்த தண்ணீர், அதில் இரண்டு சொட்டு நீலம். அதன் மேல் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். கலக்காது. தெளிந்த தண்ணீர் மேலேயும் நீலம் அடியிலும் கோடு போட்ட மாதிரி நிற்கும். இப்போது ஒரு ஸ்ட்ராவைத் தெளிந்த தண்ணீருக்குள் மட்டும் விட்டு உறிஞ்சுங்கள். மேல் தண்ணீர் குறையக் குறைய நீலம் ஸ்ட்ராவின் வாய்க்கு வந்துவிடும். வேகமாக உறிஞ்சினால் இன்னும் சீக்கிரம். கடலோரத்தில் நம் காலுக்கடியில் நடப்பது இதுதான், ஸ்ட்ராவுக்குப் பெயர் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், நாற்பதில் ஒரு பங்கு அளவுக்கு. அதனால் நிலத்தடி நீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் தாங்கும். கைபென்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று இதைச் சொல்வார்கள். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே ஓர் அடி குறைந்தால், அடியில் உப்பு நாற்பது அடி ஏறி வரும். நடுவே களிமண் அடுக்கு இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் திசை மாறாது. தம்பியின் ஊர் வாய்க்காலில் "வீணாக" தரைக்குள் இறங்கின தண்ணீரும், எங்கள் ஊர்க் குளத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரும்தான் அந்த ஓர் அடியைப் பிடித்து வைத்திருக்கின்றன. வாய்க்காலின் தரையில் சிமென்ட் பூசினால் தண்ணீர் மிச்சமாகும் என்று யாராவது வந்தால், கடைமடைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இனி கிணற்றுக்கு எது இறங்கும்?

அளக்கும் முறை இது. உங்கள் ஊரில் ஐந்தாறு கிணறு, அடிபம்பு, போர் தேர்ந்தெடுங்கள். கடலுக்கு அருகே, நடுவே, தூரத்தே என்று கலந்து இருக்கட்டும். அடிபம்பை ஐந்து நிமிஷம் அடித்துவிட்டு அப்புறம்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும், குழாயில் நின்ற பழைய தண்ணீர் கணக்கில்லை. மீட்டரை முக்கி, எண் நின்றதும் எழுதுங்கள். திறந்த கிணறாக இருந்தால் கயிற்றில் ஒரு சின்ன டம்ளரைக் கவிழ்த்துக் கட்டி இறக்குங்கள், தண்ணீரைத் தொட்டதும் 'டொப்' என்று சத்தம் வரும். கைப்பிடிச் சுவரிலிருந்து அது எவ்வளவு ஆழம் என்பதையும் எழுதுங்கள். மூன்று பருவத்திலும் அதே கிணறு, அதே முறை.

எண்களை எப்படிப் படிப்பது? மீட்டர் காட்டுவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. குடிக்க 500-க்குள் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. பாசனத்துக்கு 450-க்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை, 2,000-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர் அடி வாங்கும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தரும் அளவு அது. நெல் நாற்றும் பூக்கும் பயிரும் உப்பை அறவே தாங்காது, நடுவில் கொஞ்சம் பொறுக்கும். கடல்நீர் 35,000 பக்கம். இந்தப் பேனா மீட்டரைக் கடலில் முக்காதீர்கள், எண் காட்டாது. முகத்துவாரத் தண்ணீரை அளக்க ஒரு டம்ளருக்கு ஒன்பது டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்துக் கலக்கி, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வயலில் மீட்டர் இல்லாமலே தெரியும். காய்ந்த நாளில் வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கும். எங்கள் அத்தை, என் மாமியார், ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தே இந்த வருஷம் எந்த மூலையில் நாற்று விடக்கூடாது என்று சொல்லிவிடுவார். அந்த மூலைக்கு உப்பைத் தாங்கும் குழியடிச்சான் நெல். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் பாரம்பரிய ரகங்களைத் திரட்டியதற்கு அப்புறம் மறந்துபோன பல பெயர்கள் எங்கள் பக்கம் மறுபடி காதில் விழுகின்றன. வேளாண் பல்கலைக்கழக ரகம்தான் வேண்டும் என்றால் டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 இருக்கின்றன. மண்ணைச் சோதிக்கச் சிக்கலிலும் நீடாமங்கலத்திலும் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு.

உப்பு கடல் வழியாக மட்டும் வருவதில்லை. 1990-களில் கடலோரத்தில் எறால் பண்ணை போட்டு வயலுக்கு நடுவே கடல்நீரைத் தேக்கினார்கள். சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பின்னால் 2005-ல் சட்டம் வந்து ஒழுங்குமுறை என்று ஆனது வேறு கதை. உங்கள் அளவுகளில் கடலுக்குத் தூரத்தில் இருக்கும் ஒரு கிணறு மட்டும் திடீரென்று எகிறினால், அதைச் சுற்றி என்ன குட்டை இருக்கிறது என்று பாருங்கள்.

வயலுக்குள் கொஞ்ச நேரம்

நட்ட வயலில் கால் வைத்து அழுத்துங்கள். காலைச் சுற்றிக் குமிழ் குமிழாக வரும். அது மீத்தேன். தண்ணீர் நின்ற சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் விடுவது. பூமியைச் சூடாக்குவதில் அதற்கும் பங்குண்டு. சூடு கூடினால் கடலில் புயல் வலுக்கும், அந்தப் புயல் எங்கே கரையேறும் என்று 2018 நவம்பரில் கஜாவைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழி காய்ச்சலும் பாய்ச்சலும். ஓரடி நீள பி.வி.சி. குழாய் எடுத்து, கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளை போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கினதும் அடுத்த பாய்ச்சல். நட்ட முதல் பத்து நாளும் பூக்கும் பருவத்திலும் காயப்போடக் கூடாது. தம்பியின் வயலில் இது நன்றாக வேலை செய்கிறது. எங்கள் பக்கத்து உவர் நிலத்தில் செய்யாதீர்கள். தண்ணீர் இறங்கினால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறிப் பயிரைக் கருக்கிவிடும். ஒரே ஆறு, ஒரே நெல், ஆனால் தலைமடைக்குச் சொல்லும் யோசனை கடைமடைக்கு ஆகாது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே சுற்றறிக்கை அனுப்புகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பிறகு அந்த வெள்ளைத் தட்டு. வயல் தண்ணீரைச் சேற்றோடு ஒரு கை அள்ளித் தட்டில் விட்டு, இரண்டு நிமிஷம் அசையாமல் இருங்கள். தெளியத் தெளிய உயிர்கள் நகரத் தொடங்கும். குட்டி நத்தை, நீர்வண்டு, ஆறு காலோடு அழுக்கு நிறத்தில் ஒன்று பதுங்கிப் பதுங்கிப் போகும், தட்டானின் குஞ்சு அது. தட்டில் ஒரு கொசுப்புழுவும் இருந்தால் பிள்ளைகளை விலகிப் போக விடாதீர்கள். குஞ்சின் தாடை கை நீட்டுவது போல முன்னால் வந்து புழுவைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், கண் சிமிட்டினால் தவறிவிடும். மருந்தடித்த வயலிலும் அடிக்காத வயலிலும் ஒவ்வொரு தட்டு எடுத்து, எத்தனை வகை உயிர் என்று எழுதுங்கள். மருந்து, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை மட்டும் கொல்வதில்லை, அதைத் தின்னும் சிலந்தியையும் கொல்கிறது. புகையான் சீக்கிரம் திரும்ப வரும், சிலந்தி வராது. மருந்துக் கடைக்காரருக்கு மறு வியாபாரம்.

தெளித்த யூரியாவில் பயிர் எடுத்தது போக மீதி வடிகாலுக்குப் போகிறது. அங்கே அதைத் தின்று கொழுப்பது வெங்காயத்தாமரை. சத்து கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிக்கும் செடி. மழை வரும்போது அதே செடி வடிகாலை அடைத்து, யூரியா போட்டவர் பயிரையே மூழ்கடிக்கும்.

மழை விட்ட மறுநாள்

பாசன வாய்க்காலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வடிகாலைப் பற்றிப் பேசுவதில்லை. டெல்டாவில் தண்ணீர் கொண்டுவருவது பாதி வேலை, வெளியே அனுப்புவது மறு பாதி. சம்பா தண்ணீரில் மூழ்கி ஒரு வாரம் நின்றால் அழுகிவிடும், சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகங்கள் மட்டும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும்.

முன்பு சிவப்பு வட்டம் போட்டீர்களே, அந்த இடங்களுக்கு நேரே போங்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டத்தை அளங்கள். ஒரு பக்கம் முழங்கால், மறுபக்கம் கணுக்கால் என்றால் அந்த ரோடு அணையாகிவிட்டது, குழாய்ப் பாலம் சிறிது அல்லது அடைபட்டிருக்கிறது. இப்படி எடுத்த இரண்டு அளவுக்கு இருக்கும் மதிப்பு நூறு பேர் மறியலுக்கு இல்லை என்பது என் அனுபவம். வடிகால் கடலுக்கு அருகே இருந்தால் ஏற்றம், வற்றம் இரண்டு நேரத்திலும் பாருங்கள். இங்கே கடல் ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் நிலம் தட்டையாக இருப்பதால் அது வடிகாலுக்குள் வெகுதூரம் ஏறி மழைத் தண்ணீரை நிறுத்திவிடும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி மழை வந்தால் வடிவது ரொம்பவே தாமதமாகும்.

முகத்துவாரத்தில்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதி வாங்கிப் படகில் போக வேண்டும். போகும்போது மீன்பிடிக்கிற ஓர் அம்மாவையோ அண்ணனையோ கூட்டிப் போங்கள்.

அலையாத்தி இலையை வெயில் நேரத்தில் பார்த்தால் மேலே உப்புப் பொடி மின்னும். குடித்த தண்ணீரின் உப்பை இலை வழியே வெளியேற்றுகிற மரம். வேர்கள் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்கும், காற்றுக்காக. ஆனால் இந்த மரமும் வெறும் கடல்நீரில் செழிக்காது. தண்ணீர் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனால் குட்டையாகிப் பட்டுப்போகும். அதற்காகத்தான் வனத்துறை மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, ஏற்றத் தண்ணீர் உள்ளே வந்து போக வழி செய்து கன்று வைக்கிறது. கஜாவில் இந்தக் காடும் நன்றாக அடி வாங்கியது. அலையாத்தி இருந்தால் புயல் ஒன்றும் செய்யாது என்று பேசுகிறவர்கள் அப்போது வந்து பார்த்திருக்க வேண்டும். அலையின் வேகத்தை அது குறைக்கும், காற்றோடு மோத அதற்கும் எல்லை உண்டு.

எறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு வளர வருவது இந்தக் காயலுக்குள், உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கிற இடத்துக்கு. ஆறு கொண்டுவரும் சிலிக்கா இல்லாவிட்டால் கடலில் டயாட்டம் என்கிற கண்ணுக்குத் தெரியாத பாசி வளராது, அது இல்லாவிட்டால் அதைத் தின்னும் சிறுமீன் இல்லை, சிறுமீன் இல்லாவிட்டால் வலையில் வருவதற்கு எதுவும் இல்லை. எங்களோடு படகில் வந்த அம்மாவிடம் தம்பியின் "வீணாப் போவுது"வைச் சொன்னேன். "ஏம்மா, அவங்க வயலுக்குப் போனா பாசனம், எங்க வலைக்கு வந்தா வீணா?" என்றார்.

தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது. குறுவைக்கு இல்லாமல் தவிக்கிற வருஷத்தில் மழைக்காலத்து வெள்ளம் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்துப் போவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். கதவணை கட்டித் தேக்குவது, ஏரி குளத்தில் நிரப்புவது எல்லாம் செய்ய வேண்டியதுதான். வடுவூர் ஏரி, உதயமார்த்தாண்டபுரம் ஏரி இரண்டும் 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே வருகிற நாரைகளும் இந்தப் பாசனத் தண்ணீரில்தான் வாழ்கின்றன. ஆனால் ஒரு சொட்டுக்கூடக் கடலுக்கு விடக்கூடாது என்று அணை போட்டால், முதலில் உப்பு ஏறுவது எங்கள் கிணற்றில், அப்புறம் மன்னார்குடியை நோக்கி.

எழுதியதை என்ன செய்வது

மூன்று நடையின் எண்களையும் ஒரே சார்ட் தாளில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கிராம சபை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும். தூர்வாரும் வேலை எல்லாம் ஜூனுக்குள் முடிய வேண்டும் என்பதால் கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டுவிடுங்கள், மே மாதக் கூட்டத்துக்கு விட்டால் காலம் கடந்துவிடும். ஆற்றிலிருந்து பிரிவது ஏ வாய்க்கால், அதிலிருந்து பிரிவது பி, இப்படியே சி, டி. ஏ, பி வாய்க்கால் என்றால் நீர்வளத்துறை, சி, டி வாய்க்கால் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை. மனுவை மாற்றிக் கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றும். புல எண், போட்டோ, எடுத்த தேதி, ரோட்டின் இரு பக்கத்து நீர்மட்டம், இவ்வளவு போதும். அடைமொழி எதுவும் வேண்டாம். நகலை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: அள்ளுகிற மண் எங்கே போகும் என்று. பொக்லைன்காரர் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அது வாய்க்காலுக்குள் திரும்ப வரும். குளத்து வண்டல் வயலுக்கு அருமையான எரு. ஆனால் கடைமடை வடிகாலின் மண்ணை அப்படியே வயலில் கொட்டாதீர்கள். ஒரு பங்கு மண், ஐந்து பங்கு நல்ல தண்ணீர், நன்றாகக் கலக்கி அரைமணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரில் மீட்டரை முக்குங்கள். கலக்கும் முன் அந்தத் தண்ணீரின் எண் என்ன என்பதைக் குறித்துக்கொண்டு, அதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தால் அந்த மண் ரோட்டோரப் பள்ளத்துக்கும் கரை உயர்த்தவும் போகட்டும்.